மாலையில் கிழக்கிலிருந்து வரும் வெயில்

சென்ற வாரம் நம் கட்டடக்கலைக் கல்லூரியின் பொதுச் சொற்பொழிவில், எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் பேச எழுந்தபோது நடந்ததை நான் மறுபடியும் விவரிக்க வேண்டியதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பலர் அதன் கீழே சிரித்த முகங்களையும் இட்டுவிட்டீர்கள். நானும் அங்கே ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டு நாள்கள் பேசாமல் இருந்து பார்த்தேன். "நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நேற்று ஒருவர் எனக்கு அறிவுரை எழுதிய பிறகு அது முடியவில்லை.

"எங்கள் வீட்டில் சாயங்காலம் கிழக்கிலிருந்து வெயில் அடிக்கிறது" என்று அந்த அம்மையார் சொன்னார். அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் பெரும்பாலோர் கட்டடக்கலை மாணவர்கள். சூரியப் பாதை வரைபடத்தை முதலாண்டிலேயே வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள். கல்லூரியின் புதிய கட்டடத்துக்கு மேற்கு முகப்பு முழுவதும் கண்ணாடி. சாயும் சூரியனின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, எதிர்ச்சாரி வீடுகளின் கிழக்கு ஜன்னல்களுக்குள் நுழைகிறது. எந்தப் பக்கம் மாலையில் நிழலாகிவிடும் என்று நம்பி அந்த வீடுகளைக் கட்டினார்களோ, அந்தப் பக்கம்தான் இப்போது எரிகிறது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அன்று அந்த அரங்கில் பேசப்பட்ட அத்தனை வாக்கியங்களிலும் மிகத் துல்லியமான கள அவதானிப்பு அதுதான்.

அதற்குக் கிடைத்த பதில், "அம்மா, இது இன்றைய தலைப்புக்குள் வராது." கூடவே மைக்கும் பறிக்கப்பட்டது. அன்றைய தலைப்பு 'கட்டடமும் சூழலும்'. கட்டடம் கல்லூரியுடையது, சூழல் அந்த அம்மையாருடையது. இரண்டும் தலைப்புக்குள் வராது என்றால் மிச்சமிருப்பது அந்த 'உம்' இரண்டும் மட்டும்தான்.

பொதுச் சொற்பொழிவு என்று பெயர் வைத்தால் பொதுமக்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கக் கூடாது என்றால் அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று அச்சிடாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் காணொளியின் கீழே இதைச் சொன்னதற்கே வந்து குவிந்திருக்கும் மறுமொழிகளைப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

இது ஏதோ ஒரு தனி வீட்டின் புலம்பல் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த டிஸ்னி இசையரங்கம் 2003இல் திறக்கப்பட்டது. அதன் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளில் சில கண்ணாடிபோல் பளபளத்து, எதிரே இருந்த குடியிருப்புகளைச் சூடாக்கின. குடியிருந்தவர்கள் முறையிட்டார்கள்; 2005இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். லண்டனில் 'வாக்கி டாக்கி' என்று அழைக்கப்படும் உயர்ந்த கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகப்பு, 2013இல் தெருவில் நின்ற ஒரு ஜாகுவார் காரின் பாகங்களையே உருக்கியது. பிறகு அதற்கு வெயில் தடுப்புகள் பொருத்த வேண்டியதாயிற்று. உலகப் புகழ் பெற்றவர்களே அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நம் கல்லூரிக்கு மட்டும் அது தலைப்புக்கு வெளியே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய சொற்பொழிவாளர் அரை மணி நேரம் காட்டியது கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2022இல் பெற்ற பிரான்சிஸ் கேரே, ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் தாம் பிறந்த காண்டோ கிராமத்தில் கட்டிய பள்ளியை. களிமண் கற்கள், சூடான காற்று வெளியேற இடம்விட்டு உயர்த்தப்பட்ட தகரக் கூரை. படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால், மண் சுவர் மழைக்கு நிற்குமா என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் அந்த ஊர் மக்களே. அவர்களுக்குப் பதில் சொல்லி, அவர்களை நம்பவைத்து, அவர்கள் கைகளாலேயே கேரே அதைக் கட்டினார். அந்தப் படத்துக்குக் கைதட்டிய அரங்கம்தான் அடுத்த கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தது.

நேரம் போதவில்லை என்கிறீர்கள். வரவேற்புரை, அறிமுகவுரை, சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்துபவருக்கே ஓர் அறிமுகவுரை, நினைவுப் பரிசு, அதைக் கொடுக்கும்போது ஒளிப்படக்காரருக்காக மூன்று முறை நிற்பது, இவற்றுக்கெல்லாம் நேரம் இருந்தது. கண்ணாடி இருந்தால் பகலில் விளக்கு எரிக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொள்கையளவில் சரிதான். நேரில் போய்ப் பாருங்கள்: கண்கூச்சம் தாங்காமல் உள்ளே திரைகளை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேற்கு வெயில் தாழ்வாக வரும்; அதை ஜன்னலுக்கு மேலே நீட்டும் கிடைமட்டச் சஜ்ஜாவால் மறைக்க முடியாது, செங்குத்துத் தடுப்போ மரமோ வேண்டும் என்பதும் இதே கல்லூரியில்தான் எனக்குக் கற்பிக்கப்பட்டது.

ஆம், நான் இங்கே படித்தவன். "படித்த இடத்தையே குறை சொல்லலாமா?" என்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில், பொதுச் சொற்பொழிவுகளில் மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடும் வேலை என்னுடையது. ஒருமுறை, மேற்குச் சுவரில் மரச் சட்டத் தடுப்புகள் பொருத்திய தம் வடிவமைப்பை ஒரு கட்டடக் கலைஞர் விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் இருந்த ஒரு வயதான தச்சர் கை தூக்கினார். "இதையெல்லாம் யார் ஏறித் துடைப்பார்கள், யார் எண்ணெய் போடுவார்கள்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பேச்சாளர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். "அதை நான் யோசிக்கவில்லை" என்றார். கூட்டம் முடிந்த பிறகு இருவரும் கரும்பலகை முன் நின்று, ஆள் நின்று துடைப்பதற்கு வசதியாகச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய நடைமேடையைச் சாக்குக்கட்டியால் வரைந்தார்கள். சொற்பொழிவின் தலைப்பு எனக்கு மறந்துவிட்டது. அந்த நடைமேடையை இன்றும் என் வரைபடங்களில் வைக்கிறேன். கல்லூரியைக் குறை சொல்பவன் அல்ல நான். கல்லூரி எனக்குக் கொடுத்ததை அதற்கே நினைவூட்டுகிறேன்.

நிகழ்ச்சி நடத்துவதே பெரிய விஷயம், அதையும் குறை சொன்னால் எப்படி என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. நடத்தாத கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் எதை நடத்துகிறார்கள்? உலகச் சுற்றுச்சூழல் நாள் 1973 முதல் ஜூன் 5இல் கடைப்பிடிக்கப்படுகிறது. இங்கே அது ஒரு சுவரொட்டிப் போட்டி, ஒரு மரக்கன்று. அதே பருவத்தின் இறுதியில், மாணவர்களின் வடிவமைப்புகளை மதிப்பிடும் ஜூரி முடிந்த மறுநாள் காலை ஸ்டூடியோவின் பின்புறம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தெர்மாகோலும் ஃபோம் போர்டும் பசையோடு பசையாக மலைபோல் கிடக்கும். இரவெல்லாம் கண் விழித்துச் செய்த மாடல்கள். பத்து நிமிடம் பார்க்கப்பட்டு, குப்பைக்குப் போனவை. பசையில் ஒட்டிய ஃபோமை யாரும் மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது என்று மேடையில் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். நம் புதிய கட்டடத்தில் எத்தனை மூட்டை போயிற்று என்று எந்த மேடையிலும் சொன்னதில்லை. அதையும் அந்த அம்மையார் கேட்டிருப்பாரோ என்னவோ. மைக் அவர் கையில் அவ்வளவு நேரம் இல்லை.

மாணவர்கள் சிறுவர்கள், சிரித்துவிட்டார்கள், விடுங்கள் என்கிறீர்கள். விட்டுவிடுகிறேன். அவர்கள் சிரித்ததைவிட, முன்வரிசையில் இருந்த ஆசிரியர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காததுதான் எனக்கு வலிக்கிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு எழுதியதற்குப் பொருளில்லை. நானும் ஐந்தாவது வரிசையில்தான் இருந்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரியும். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். பழைய ஆசிரியர்கள் இருக்கிறார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன். நான் வெளியே வந்தபோது, அவர் தெருவைக் கடந்து தம் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மணி ஐந்தேகால். கிழக்குச் சுவர் முழுவதும் வெயில்.