ருசி மட்டும்தான் போகுமா?

"வயதானால் வாசனை தெரியாமல் போவது சகஜம்தான், சாப்பாட்டு ருசி குறையும், வேறு ஆபத்து எதுவும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சகஜம் என்பது சரி. ஆபத்து இல்லை என்பது தவறு.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. நமக்கு வரும் அந்த அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம், கசிவு தெரியட்டும் என்று கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளுடையது. 1937இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், நியூ லண்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் வாசனையற்ற இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அப்புறம்தான் அங்கே வாசனை சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அதாவது இந்தப் பாதுகாப்பு முழுக்க நம் மூக்கை நம்பித்தான் இருக்கிறது. மூக்கு வேலை செய்யாதவருக்கு அது இல்லவே இல்லை. கெட்டுப்போன பால், புகை எல்லாம் இதே கதைதான்.

இன்னொன்று, பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயில் கை நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வாசனை குறையலாம். குறைந்த எல்லோருக்கும் அந்த நோய் என்று அர்த்தமில்லை. கொரோனா, சைனஸ், தலையில் அடி என்று காரணங்கள் நிறைய. ஆனாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தனியாகச் சமைக்கும் பெரியவர்கள் வீட்டில் கேஸ் கசிவைக் கண்டு அலறும் கருவியைத் தரையை ஒட்டி மாட்டுங்கள். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். கசிந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழையுங்கள்.