பகிர் பொத்தான் என்னும் பித்தலாட்டம்

குறிப்பெழுதும் செயலிகளில் இன்றைக்கு இல்லாத வித்தை இல்லை. பேசினால் எழுதும், படத்திலிருக்கும் எழுத்தைப் பிடுங்கிக் கொடுக்கும், நாலு பக்கத்தை நாலு வரியாகச் சுருக்கும். ஆனால் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிய ஒரு பக்கத்தை, தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும், சேதாரமில்லாமல் வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லை. அதற்குத்தான் 'பகிர்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்கிறீர்களா? வயிற்றெரிச்சலே அந்தப் பொத்தானால்தான்.

ஒரே பெயரில் மூன்று வேலையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். எழுத்தை நகலெடுத்து அனுப்புவதும் பகிர்வு, இணைப்பைக் கொடுப்பதும் பகிர்வு, இன்னொருவரை நம் குறிப்புக்குள்ளேயே அழைத்து வந்து உட்கார வைப்பதும் பகிர்வு. கூகுள் கீப்பில் 'கொலாபரேட்டர்' என்று ஒருவருடைய மின்னஞ்சலைச் சேர்த்தால் அவர் படித்துவிட்டுப் போகிறவர் இல்லை. திருத்தலாம், வரிகளை அழிக்கலாம். படிக்க மட்டும் அனுமதி என்ற ஒன்றே அங்கே கிடையாது. வெறுமனே அனுப்ப வேண்டுமென்றால் மூன்று புள்ளி மெனுவில் 'சென்ட்' என்பதைத் தேட வேண்டும். ஆப்பிள் நோட்ஸில் 'கொலாபரேட்', 'சென்ட் காப்பி' இரண்டும் பகிர்வுப் பலகையின் தலைமாட்டில் சின்னதாக ஒரு கீழ்விரி மெனுவுக்குள் பதுங்கியிருக்கும். அதைக் கவனிக்காமல் கீழே தெரியும் பச்சை வாட்ஸ்அப் ஐகானைத் தொடுகிறவர்கள்தான் அதிகம்.

நோஷன் கதை இன்னும் மோசம். முகவரிப் பட்டையிலிருக்கும் இணைப்பை எடுத்துக் குழுவில் ஒட்டினால், திறக்கிற அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்தி 'லாகின் செய்' என்று கேட்கும். 'பப்ளிஷ்' தாவலுக்குப் போய் வெளியிட்டு, அங்கே கிடைக்கும் இணைப்பைத்தான் கொடுக்க வேண்டும். சரி, வெளியிட்டாயிற்று. அந்தப் பக்கத்துக்குக் கீழே துணைப் பக்கங்கள் இருந்தால் அவையும் கூடவே பொதுவெளிக்கு வந்துவிடும். சமையல் குறிப்புக்கு அடியில் வீட்டுக் கடன் கணக்கை வைத்திருப்பவர்கள் வெளியிடுமுன் அதை வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

எழுத்தாகவே அனுப்பிவிடலாம் என்று இறங்கினால் அடுத்தது உடுக்குறி (*) தொல்லை. நோஷன், அப்சிடியன் போன்றவற்றிலிருந்து நகலெடுத்தால் வருவது மார்க்டவுன், அதாவது தடிப்பையும் தலைப்பையும் குறிகள் போட்டே காட்டும் எழுத்துமுறை. அதில் தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி. வாட்ஸ்அப்புக்கோ ஒன்றே ஒன்று. அப்படியே ஒட்டினால் எழுத்து தடிக்கும், மிச்சமிருக்கும் ஒரு ஜோடி உடுக்குறி காதில் செருகிய பென்சில் மாதிரி இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி அப்படியே தட்டிவிடுகிறவர்களின் செய்திகளில் இதே ஜோடியைத் தினமும் பார்க்கலாம். தலைப்புக்குப் போட்ட வேலிக்குறியை (#) வாட்ஸ்அப் சீண்டுவதே இல்லை, அது வேலியாகவே நிற்கும்.

இதைச் சரிசெய்ய ஒரே வழிதான். குறிப்பின் நகலில் 'கண்டுபிடி, மாற்று' கொடுத்து இரட்டை உடுக்குறியை ஒற்றையாக்குங்கள். உடுக்குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள், விட்டால் தடிக்காது. வரித் தொடக்கத்தில் ஒரு சிறுகோடு போட்டு இடைவெளி விட்டால் புள்ளிப் பட்டியல், எண்ணும் புள்ளியும் இடைவெளியும் போட்டால் எண் பட்டியல். 2024 பிப்ரவரியில் வாட்ஸ்அப் கொடுத்த வசதி இது. மூல நோட்டிலேயே கை வைக்காதீர்கள், அடுத்த தடவை வேறு தளத்துக்கு அது வேண்டியிருக்கும்.

கீப்பில் மளிகைப் பட்டியலை டிக் பெட்டிகளோடு எழுதியிருந்தால், போய்ச் சேரும்போது ஒவ்வொரு வரியின் முன்னும் சதுர அடைப்புக்குறி ஒரு ஜோடி நிற்கும். வாங்கி முடித்ததற்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி போல எக்ஸ் எழுத்து. அதைப் பார்க்கிறவர் 'இதை வாங்காதே என்று அடித்திருக்கிறார்' என்று நினைத்தால் தப்பு யாருடையது? அனுப்புமுன் பெட்டிகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

பேஸ்புக்குக்கு வருவோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஆண்ட்ராய்டில் நோட் செயலி எழுத்தை ஒழுங்காகத்தான் நீட்டுகிறது. பேஸ்புக் செயலி அதை வாங்கி, உள்ளே ஏதாவது இணைப்பு இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். இது பிழை இல்லை. வேறு செயலிகள் பதிவுப் பெட்டியை முன்கூட்டியே நிரப்பக்கூடாது என்பது அவர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் கொள்கை. காலியான பெட்டியைப் பார்த்துக் கைப்பேசியை அணைத்து அணைத்துப் போடுகிறவர்களிடம் இதை யார் சொல்வது? நகலெடுத்து ஒட்டுவதுதான் இங்கே ஒரே பாதை. இன்ஸ்டாகிராமுக்கு எழுத்தைப் பகிர்ந்தால் அது தனிச்செய்திக்குத்தான் போகும். பதிவாக வேண்டுமென்றால் படமோ காணொளியோ கொண்டு வா என்கிறது. படத்துக்குக் கீழே 2,200 குறிகள்வரை எழுதலாம். அதில் இணைப்பு கொடுத்தால் தொட்டாலும் திறக்காது, வெறும் அலங்காரம்.

ஒரு பதிவுக்கு 280 என்ற எக்ஸ் தளத்தின் கணக்குக்கு வரும்போது தமிழுக்கு நடக்கும் அநியாயத்தைப் பாருங்கள். நாம் எழுத்தை எண்ணுகிறோம், அது கணினிக்குள் எழுத்தைப் பிரித்து வைத்திருக்கும் யூனிகோட் குறியை எண்ணுகிறது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. அதற்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. 'கொழுக்கட்டை' நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. 'ஸ்ரீ' என்று ஒற்றை வடிவமாகக் கண்ணில் படுவது நான்கு. புள்ளி வைத்தாலே காசு பிடுங்குகிறான் என்றால் மெய்யெழுத்து நிறைந்த மொழி எங்கே போகும்! நடைமுறையில் 160, 170 எழுத்தோடு கதவு சாத்தப்பட்டுவிடும். நோட் செயலியில் இருக்கும் எண்ணிக்கையை நம்பி இறங்கினால் கடைசி வாக்கியம் சிவப்பாகும். இதிலும் ஒரே ஒரு சலுகை: இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 என்றே கணக்கு. தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை நகலெடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முகவரியில் ஒரு தமிழ்க் குறி விழுக்காட்டுக் குறிகளும் எழுத்துகளுமாக ஒன்பது இடத்தை அடைக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45. வாட்ஸ்அப்பில் இந்த அனுமார் வாலை அப்படியே பார்க்கத்தான் வேண்டும். இன்னொன்று, இணைப்போடு 'இல்', 'ஐ' என்று வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். சில செயலிகள் அதையும் முகவரியில் சேர்த்துக்கொண்டு இல்லாத பக்கத்துக்கு அனுப்பும். ஓர் இடைவெளி போதும்.

தலைப்பையாவது தடித்த எழுத்தில் போடலாமென்றால் இன்ஸ்டாகிராமில் அதற்கு வழியில்லை. ஆங்கிலக்காரர்கள் யூனிகோடில் கணிதத்துக்கென்று இருக்கும் தடித்த எழுத்துகளை எடுத்து ஒப்பேற்றுகிறார்கள். தமிழுக்கு அப்படி ஒரு தொகுதியே இல்லை. அப்படி மாற்றித் தரும் தளங்களுக்குப் போய்த் தமிழை ஒட்டினால் அது அப்படியே திரும்பி வரும்.

கடைசியில் எல்லோரும் போய் விழுவது ஸ்கிரீன்ஷாட்டில். விழுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. மேலே மின்கல அளவும் வங்கிக் குறுஞ்செய்தி அறிவிப்பும் தெரிகிற மாதிரி அனுப்புகிறவர்களை என்ன சொல்ல! அதைவிடப் பெரிய கொடுமை நீள ஸ்கிரீன்ஷாட். 1080 பிக்சல் அகலமும் 6,000 நீளமும் உள்ள படத்தின் நீளத்தை அனுப்பும் செயலி 1,600க்கு இறக்கினால் அகலம் 288 ஆகிவிடும். அதில் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் தெரியாது, பெரிதாக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புகை. நீளப் படத்தை நாலாக வெட்டுங்கள், இல்லையென்றால் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 2023 ஆகஸ்ட் முதல் 'ஹெச்டி' என்ற பொத்தானும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

இன்ஸ்டாகிராமுக்கு என்றால் படத்தை 1080க்கு 1350 என்ற அளவில் தனியாகவே செய்யுங்கள். சுயவிவரக் கட்டத்தில் அது மூன்றுக்கு நான்காக வெட்டப்படும்போது இருபக்கமும் சுமார் 34 பிக்சல் போகும். ஆகவே ஓரத்தில் 90 விடுங்கள். எழுத்து 42, 44 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். வரிக்கு இருபது எழுத்துக்கு மேல் திணிக்க வேண்டாம். வரி இடைவெளி ஒன்றரை மடங்காவது வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2இல் தமிழைப் போட்டால் மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ' தலையில் உட்காரும். ஸ்டோரி என்றால் 1080க்கு 1920, மேலே 250, கீழே 340 பிக்சலைக் காலியாக விடுங்கள், அங்கே அவர்களுடைய பொத்தான்கள் வந்து மறைக்கும்.

நோட்டைப் படமாக்கித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் தெரியாது. 'கொ' என்பதைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று பிரேதப் பரிசோதனை செய்து கொடுக்கும். முழுப் பதிவையும் செய்யுமுன் 'கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ' நான்கையும் மட்டும் அடித்துப் பாருங்கள். அதில் தோற்றால் அந்தக் கருவியை நீக்கிவிடலாம். பிடிஎஃப்பாக அனுப்பி, வாங்கியவர் அதிலிருந்து நகலெடுத்தாலும் இதே அவலம்தான்: 'பெயர்' போய் 'ெபயர்' வரும். சாம்சங் நோட்ஸில் அதன் சொந்தக் கோப்பு வடிவத்தைத் தேர்ந்து அனுப்பினால் வேறு கைப்பேசிக்காரர் அதைத் திறக்கவே முடியாமல் முழிப்பார்.

படத்தில் போட்ட எழுத்தைப் பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் ஒழுங்காகப் படிக்காது என்பதையும் யாரும் கண்டுகொள்வதில்லை. எக்ஸில் மாற்று உரைக்கு, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் எழுத்துக்கு, 1,000 குறிகள் தருகிறார்கள், அந்தப் பெட்டியில் அதே எழுத்தை ஒட்ட அரை நிமிடம் ஆகாது.

இத்தனையும் செய்து முடித்துப் பதிவேற்றிய பிறகுதான் கண்ணில் படும், மூன்றாவது வரியில் ஓர் ஒற்று விட்டுப்போனது. வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் என்றால் திருத்தலாம். இன்ஸ்டாகிராமில் கீழேயுள்ள வரிகளைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும், வந்த விருப்பங்களும் கருத்துகளும் போகும். அழிக்காமல் விட்டால் 'அங்கே வலி மிகும்' என்று முதல் கருத்திலேயே ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார்.