மஃப்ளருக்கு இரண்டரைச் சிட்டம், சாக்ஸுக்கு ஒரு சிட்டம்

போர்க்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கம்பளி பின்னி அனுப்பியதைப் பற்றி யார் எழுதினாலும் "பிஞ்சுக் கைகள்" என்று தொடங்கி நெகிழ்ச்சியில் முடித்துவிடுகிறார்கள். ஊசியில் எத்தனை கண்ணி (நூல் வளையம்) போட்டார்கள், எவ்வளவு நூல் ஆனது, எது காலில் ஏறியது, எதைப் பிரித்து மறுபடி உருட்டினார்கள் என்ற பேச்சே வருவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். பிள்ளை பின்னியது என்பதற்காக அளவு தப்பிய சாக்ஸைப் பாராட்டிப் பெட்டியில் போட்டால், பின்னிய பிள்ளையையும் மதிக்கவில்லை, போட்டுக்கொள்ளப் போகிறவரையும் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய 1917-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த செப்டம்பரில் அதிபர் உட்ரோ வில்சன் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அறிக்கை விட்டார். ஜூனியர் ரெட் கிராஸ் அங்கே தொடங்கியது. நம் பள்ளிகளில் ஜே.ஆர்.சி. என்று சொல்கிறோமே, அந்தப் பெயர்தான். வாஸர் கல்லூரித் தலைவர் ஹென்றி நோபிள் மெக்ராக்கன் அதன் முதல் இயக்குநர். போர் முடிந்த சமயத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். இத்தனை கைகளுக்கு வேலை கொடுக்க உற்சாகம் மட்டும் போதாது, அளவுத் தாள் வேண்டும். செஞ்சிலுவை அதை அச்சடித்துக் கொடுத்தது.

அந்தத் தாளில் மஃப்ளருக்கான குறிப்பு இரண்டே வரிதான். மூன்றாம் எண் ஊசி ஒரு ஜோடி, 50 கண்ணி, 11 அங்குல அகலம், 68 அங்குலம் வரும்வரை நேர்ப் பின்னல். நூல் இரண்டரைச் சிட்டம் (சிட்டம் என்பது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்கட்டு), அதாவது ஒரு பவுண்டில் எட்டில் ஐந்து பங்கு, ஏறக்குறைய 280 கிராம். சாக்ஸுக்கு ஒரு சிட்டம், கால் பவுண்டு, 113 கிராம். ஒரு மஃப்ளர் நூலில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு அரைச் சிட்டம் மீதியும் இருக்கும். புதிதாகப் பின்னுகிற பிள்ளைக்கு "எளிதானது" என்று மஃப்ளரைக் கொடுப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். அந்த எளிது நூலை விழுங்கிவிடும். காசு திரட்டி நூல் வாங்குகிற பள்ளிக்கு முதல் கணக்கே இதுதான்.

அதோடு மஃப்ளர் நினைக்கிற அளவுக்கு எளிதும் இல்லை. 50 கண்ணியில் ஆரம்பித்த பிள்ளை ஒரு முழம் பின்னியதும் எண்ணிப் பார்த்தால் 57 இருக்கும். ஊசியைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போய்விட்டால், வரிசையின் முதல் கண்ணி தூக்கிக்கொண்டு இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். பிள்ளை இரண்டையும் பின்னிவிடும். துணி விசிறி மாதிரி விரிந்துகொண்டே போகும். முதல் வாரம் பயத்தில் நூலை இறுக்கிப் பிடிக்கிற கை, மூன்றாவது வாரம் பழகித் தளர்ந்துவிடும். அப்போது கண்ணி எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் ஒரு முனை 11 அங்குலம், மறுமுனை 13 அங்குலம். பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணு, எண்ணியபின் அகலத்தை அளந்து பார் என்று பழக்கினால் இரண்டு தப்பும் சீக்கிரம் பிடிபடும். மஃப்ளர் முடிந்தபின் அளந்து ஒரு பயனும் இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. சிட்டமாக வருகிற நூலை உருண்டையாகச் சுற்ற வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு கைகளிலும் சிட்டத்தை மாட்டிக்கொண்டு நிற்க, இன்னொன்று சுற்றும். இங்கேயே பாதி கெட்டுப்போகும். கல் மாதிரி இறுக்கிச் சுற்றினால் கம்பளி இழுபட்டே நிற்கும். அந்த நூலில் பின்னியது பின்னும்போது அளவில் சரியாக இருக்கும், நனைந்ததும் சுருங்கும். மூன்று விரலை உருண்டைமேல் வைத்து விரல்களோடு சேர்த்துச் சுற்றி, விரலை உருவி, மறுபடி வைத்துச் சுற்றினால் நூல் தளர்வாக உட்காரும்.

இனி சாக்ஸ். பதுங்குகுழியில் சேறும் தண்ணீரும் தேங்கி நிற்க, நாள் கணக்கில் ஈரக் காலோடு நின்றவர்களுக்குக் கால் மரத்து, வீங்கி, அழுகிப் போனது. 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டன் படையில் மட்டும் சுமார் 20 ஆயிரம் பேர் இதில் விழுந்தார்கள். காலைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றுவதுதான் தடுப்பு. ஒருவருக்கு ஒரு ஜோடி போதாது. ஊரெல்லாம் சாக்ஸ் பின்னச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நடுத்தர அளவு சாக்ஸுக்கு 60 கண்ணி, மூன்று ஊசியில் இருபது இருபதாக. நான்காவது ஊசி பின்னுவதற்கு. இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கமாகப் போடும் கண்ணி) என்று 35 சுற்று போட்டால் நாலரை அங்குலம் வரும், அது காலைப் பிடித்து நிற்கிற பகுதி. அதன்பின் நேராக 50 சுற்று, ஆறரை அங்குலம். பிறகு 30 கண்ணியை ஒரே ஊசிக்கு மாற்றிக் குதிகால் பட்டை 26 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிட வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் சங்கிலி மாதிரி ஒரு விளிம்பு கிடைக்கும், குதிகாலைத் திருப்பியபின் பக்கத்துக்கு 13 கண்ணியை அந்தச் சங்கிலியிலிருந்து எடுக்கலாம். நழுவவிட மறந்த பிள்ளை ஓரத்தில் முடிச்சுகளைத் தேடிக் குத்தி எடுக்கும், கணுக்கால் மூலையில் ஓட்டை விழும்.

அந்தத் தாளிலேயே என் மனதுக்கு நெருக்கமான வரி முடிச்சைப் பற்றியது. முடிச்சும் மேடும் எங்கேயும் கூடாது, கொப்புளம் போடும் என்று திட்டமாகச் சொல்லியிருந்தார்கள். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடாதே, இரண்டு முனையிலும் இரண்டு மூன்று அங்குலம் விட்டு, பிறகு ஊசியால் துணிக்குள் ஓட்டி மறை என்பது கட்டளை. நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கனமான பூட்ஸுக்குள் நாள் முழுக்க நடக்கிறவன் காலடியில் ஒரு கடுகளவு முடிச்சு இருந்தால் மாலைக்குள் தோல் உரிந்துவிடும், சேற்றில் அது சீழ் பிடிக்கும். விரல் நுனியை மூடும் தையலும் இதற்காகவே. இரண்டு ஊசியில் எதிரெதிராக நிற்கும் கண்ணிகளைத் தையல் ஊசியால் கோத்து, இன்னொரு பின்னல் வரிசை போலவே ஆக்கிவிடுவது. தடவிப் பார்த்தால் எங்கே முடித்தார்கள் என்றே தெரியாது. பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனர் பெயரில்தான் இன்றும் அந்தத் தையலைச் சொல்கிறார்கள்.

தொடங்கும்போது கண்ணியை இறுக்கிப் போடக்கூடாது என்றும் எழுதியிருந்தது. இறுக்கினால் வாய் குதிகாலைத் தாண்டாது. மற்றதெல்லாம் அழகாக இருந்தும் காலில் ஏறாத சாக்ஸ் வீண். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணி போட்டு, பிறகு ஒன்றை உருவிவிட்டால் தானாகத் தளர்ந்துகொள்ளும். ஒரு ஜோடியை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இன்னொரு தப்பு. இருவர் கை இறுக்கமும் ஒன்றாக இருக்காது. இடது சாக்ஸ் பத்து அங்குலம், வலது பதினொன்று. ஒரே பிள்ளை இரண்டையும் பின்ன வேண்டும், அதுவும் டேப் வைத்து அளந்து அல்ல, சுற்றை எண்ணி எழுதி வைத்து.

சாக்ஸ் பெரிய வகுப்புக்குத்தான். சின்னப் பிள்ளைகளுக்குத் துணிக் கிழிசலைப் பொடிப்பொடியாக வெட்டித் தலையணைக்குள் அடைக்கிற வேலை இருந்தது. அடிபட்ட கைகாலுக்கு முட்டுக்கொடுக்க அந்தத் தலையணைகள் தேவைப்பட்டன. அதற்கு அடுத்து ஆறு அங்குலச் சதுரங்கள், பிறகு சேர்த்துத் தைத்துப் போர்வையாக்க. மீதி நூலுக்கு நல்ல வழி. ஆனால் நாற்பது பிள்ளை பின்னிய சதுரம் நாற்பதும் ஆறு அங்குலம் வராது. வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம் என்றால், கால் அங்குலம் குறைந்தவை ஒரு வரிசையாகவும் கால் அங்குலம் கூடியவை அடுத்த வரிசையாகவும் சேர்ந்தால் 69 அங்குலமும் 75 அங்குலமும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். போர்வை சுருக்கு விழுந்த பை மாதிரி ஆகும். சதுரங்களை நனைத்து, அளவு கிழித்த பலகையில் ஊசி குத்திக் காயவைக்க வேண்டும். அப்படியும் எட்டாததற்குக் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) ஒரு சுற்று ஓரம் போட்டு ஆறு அங்குலமாக்கலாம். பையன்களும் பின்னினார்கள். மர வேலை வகுப்பில் முறிந்த எலும்போடு வைத்துக் கட்டும் தட்டை, ஊன்றுகோல், சாமான் பெட்டி செய்தார்கள். பின்னல் என்றால் பெண் பிள்ளை வேலை என்பதை அந்த இரண்டு வருடமாவது பள்ளிகள் மறந்தது எனக்குப் பிடித்த சங்கதி.

காசு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு 25 சென்ட் வீதம் பள்ளி நிதியில் சேர்ந்தால் அந்தப் பள்ளி ஜூனியர் ரெட் கிராஸின் கிளை. 400 பிள்ளை இருந்தால் 100 டாலர், அந்தப் பணத்தில் நூலும் துணியும். கணக்கு பள்ளியின் பெயரில், பிள்ளையின் பெயரில் அல்ல. தோட்டம் போட்டு, பழைய சாமான் சேர்த்து, நிகழ்ச்சி நடத்திப் பள்ளியே மொத்தமாகச் சம்பாதிக்கலாம். இது நல்ல ஏற்பாடு என்று நினைக்கிறேன், ஏனென்றால் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை கூச வேண்டியதில்லை. ஆனால் அதே சமயத்தில் அரசு சிக்கன ஸ்டாம்ப் விற்றது, அதுவும் 25 சென்ட். பதினாறு ஸ்டாம்ப் ஒட்டிய அட்டையோடு சில சென்ட் சேர்த்தால் போர்ச் சேமிப்புச் சான்று, 1923-இல் 5 டாலராகத் திரும்பும். ஒன்று கொடை, மற்றது அரசுக்குக் கடன். இரண்டையும் ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியர், ஒரே குரலில் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? போரையே ஏற்காத மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இதைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். படைவீரனுக்கு சாக்ஸ், அகதிப் பிள்ளைக்குப் பாவாடை, அரசுக்குக் கடன் என்று மூன்றையும் பிரித்துச் சொன்னால்தான் வீட்டார் எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று சொல்ல முடியும்.

அகதிப் பிள்ளைகளுக்கான உடுப்பில் பின்னல் குறைவு, தையல் அதிகம். யார் போடப் போகிறார்கள் என்று தெரியாமல் தைப்பதால் கீழ் மடிப்பை இரண்டு அங்குலம் விட்டு மடித்தால் பிள்ளை வளரும்போது பிரித்து இறக்கிவிடலாம். துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும்.

கொடுத்த பக்கத்தைப் போலவே பெற்ற பக்கத்திலும் பிள்ளைகள் ஊசி பிடித்தார்கள். அது நம்மிடம் பேசப்படுவதே இல்லை. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்து வாழ்ந்த நாடு. கடல் வழி அடைபட்டுப்போக, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் அக்டோபரில் நிவாரணக் குழு அமைந்தது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மாவு ஆலைக்காரர்களுக்கான பத்திரிகை நடத்திய வில்லியம் எட்கர் ஆலைகளிடம் மாவு கேட்டார். கேட்கும்போதே 49 பவுண்டு பிடிக்கிற கெட்டியான பருத்திச் சாக்கில் கட்டுங்கள், மாவு தீர்ந்தால் சாக்கை உள்ளாடையாகத் தைத்துக்கொள்வார்கள் என்றார். கட்டி அனுப்பும் சாக்கையே பொருளாக்குகிற இந்த யோசனைக்கு நிகரான ஒன்றை நிவாரண வேலையில் நான் பார்த்ததில்லை.

காலிச் சாக்கை அவரவர் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போக விடவில்லை. பருத்தி வெடிமருந்துக்கு மூலப்பொருள், ஜெர்மானியர் கைக்குப் போய்விடக்கூடாது. அமெரிக்க ஆலைப் பெயருள்ள சாக்கில் மட்டமான மாவை அடைத்து விற்கவும் கூடாது. எனவே ஒவ்வொரு சாக்குக்கும் கணக்கு வைத்து, பள்ளிகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் தையல் கூடங்களுக்கும் கொடுத்தார்கள். அங்கே சட்டையும் உள்பாவாடையும் ஆயின. சிலவற்றில் பூத்தையல் போட்டு விற்றுக் காசாக்கி, உணவுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் அனுப்பினார்கள்.

சாக்குத் துணியில் யாராவது தைக்கப் பார்த்தால் இரண்டு விஷயம். வாய்த் தையல் சங்கிலித் தையல், நம் அரிசி மூட்டையில் இருப்பதுதான். கத்தியால் அறுக்காமல் சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று முழு நூலும் வந்துவிடும், அந்த நூலே தைக்க உதவும். அடுத்தது துவைப்பு. முதலில் உதறி, பிறகு பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்தவுடன் சுடுதண்ணீரில் போட்டால் இழைக்குள் இருக்கும் மாவு வெந்து பசையாகிவிடும், துணி அட்டை மாதிரி நிற்கும்.

பூத்தையல் போட்ட சாக்குகள் நூற்றுக்கணக்கில் அயோவா மாநிலம் வெஸ்ட் பிராஞ்சில் ஹூவர் நூலகத்தில் இருக்கின்றன. பலவற்றில் ஆலையின் பெயரை மறைக்கவில்லை. அச்சு எழுத்தின் மேலேயே, அதன் விளிம்பு பிசகாமல், வண்ண நூலை ஓட்டியிருக்கிறார்கள்.