அசைவது என் கை மட்டுமல்ல

ஞாயிற்றுக்கிழமை நம் புகைப்படக்காரர்களின் மயிலாப்பூர்க் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பெரும்பாலோர் நேரிலேயே பார்த்தீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "ட்ரைபாடை, அந்த முக்காலித் தாங்கியைத் தூக்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் விலை உயர்ந்த லென்ஸை வாங்கிப் பின்னணியை மங்கலாக்கிக்கொண்டு திரிகிறார்கள்" என்று, என் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அந்த மூத்தவர் சொன்னாரே, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேயே சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்த பிறகு எனக்குப் பேச்சு எழவில்லை.

கையில் பிடித்து ஒருவருடைய முகத்தை எடுக்கும்போது, எஃப்/2 வரை திறக்கும் டெலி ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, தொலைவை அருகில் காட்டும் லென்ஸ்; எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் வாய் பெரிது) எனக்குத் தருவது ஷட்டர் வேகம், அதாவது நொடியின் சிறு பகுதியிலேயே படத்தைப் பதிவு செய்துவிடும் வசதி. பின்னணி மங்குவது அதனோடு சேர்ந்து வருகிறது. எனக்கும் அது பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நான் அந்த லென்ஸை வாங்கியது வேகத்துக்காக.

135 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸைக் கையில் பிடித்தால் குறைந்தது 1/135 நொடி வேகம் வேண்டும் என்பது பழைய விதி. இன்றைய சென்சார்களில் சிறு நடுக்கமும் தெரிந்துவிடுவதால் நான் 1/250க்குக் கீழே இறங்குவதில்லை. எஃப்/5.6 வரைதான் திறக்கும் ஜூம் லென்ஸில் 1/30 நொடி மட்டுமே கிடைக்கிற அதே வெளிச்சத்தில், எஃப்/2 லென்ஸ் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதாவது எட்டு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், அந்த 1/250 கிடைத்துவிடுகிறது.

திருவல்லிக்கேணியில் இருக்கும் என் அத்தைக்குச் சில ஆண்டுகளாகத் தலை இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும். முற்றத்து வெளிச்சம் விழும் தூணோரத்தில் அவரை உட்கார வைத்து, முன்பு ஒரு முறை ட்ரைபாடில்தான், அந்த ஜூம் லென்ஸோடு, 1/30 நொடியில் எடுத்தேன். தூண் கூர்மையாக விழுந்தது, தரையில் இருந்த பித்தளைச் சொம்பு கூர்மையாக விழுந்தது, அத்தையின் முகம் மட்டும் கலங்கியிருந்தது. ட்ரைபாட் என் கையை நிறுத்தும்; அத்தையின் தலையை நிறுத்தாது. ஆறு மாதம் கழித்து 135 மி.மீ. லென்ஸோடு அதே தூணோரத்தில், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பாதி மூச்சை விட்டு நிறுத்தி, 1/250 நொடியில் எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "என் தலை ஆடவே இல்லையே" என்றார். ஞாயிற்றுக்கிழமை திரையில் இருந்தது அந்தப் படம்தான்.

இப்போதெல்லாம் கேமராவுக்குள்ளேயே நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் எழுதுவீர்கள். இருக்கிறது. அதுவும் என் கையின் அசைவைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவர் கண் சிமிட்டுவதையோ, சிரிக்கத் தொடங்கும்போது கன்னம் எழுவதையோ அது நிறுத்தாது. கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றலாம் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு, நானும் 3200 வரை ஏற்றுகிறேன். அலைபேசியே போதுமே என்றால், அதன் போர்ட்ரெய்ட் வசதி மங்கலைக் கணக்குப் போட்டு வரைகிறது. நான் பேசுவது மங்கலைப் பற்றியே அல்ல.

விலையைப் பற்றிச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. என்னுடையது 1996இல் வெளிவந்த கேனான் 135 மி.மீ. எஃப்/2. பழைய லென்ஸாகத்தான் வாங்கினேன். சென்னையின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்குமோ என்று டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தேன்; இன்றும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில்தான் வைக்கிறேன். எடை சுமார் 750 கிராம். கேனானின் பழைய எஃப்/2.8 ஜூமான 70-200 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ இருக்கும். ஒரு மணி நேரம் கையில் ஏந்தி நிற்பவருக்கு அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

அந்த மூத்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டரை மீட்டரில் எஃப்/2 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர்தான். கையில் பிடித்திருக்கும்போது நானும் முன்னும் பின்னும் ஆடுவேன், எதிரே இருப்பவரும் ஆடுவார். கண் தப்பிக் காதோரம் கூர்மையாகிவிடும். கண்ணைத் தொடரும் ஃபோகஸை வைத்து, மூன்று மூன்றாக அழுத்தியும், எத்தனையோ படங்களை அழித்திருக்கிறேன். இதைக் கேட்டிருந்தால் தலைகுனிந்து ஒப்புக்கொண்டிருப்பேன். இது சோம்பேறியின் வேலை அல்ல என்பதற்கும் அதுவே சான்று.

"தூரத்தில் நின்று திருடுகிறார்கள்" என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். இரண்டரை மீட்டர் தூரமா? திண்ணையின் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக உட்கார்ந்து பேசும் இடைவெளி அது. கைக்கெட்டும் தூரத்தில் கேமராவைக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துப் போகும், முகமும் இறுகிவிடும். அந்த இடைவெளியில் நின்றால், நாம் பேசும்போது பார்க்கிற முகமே படத்திலும் வருகிறது, 135 மி.மீ. அந்த இடத்திலிருந்தே தலையும் தோளுமாகச் சட்டகத்தை நிறைக்கிறது. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் போடும் பெண்களிடமும் நான் கேட்காமல் எடுத்ததில்லை. வேண்டாம் என்றவர்களை எடுத்ததும் இல்லை. இருபது ஆண்டுகளாக இந்த நகரத்தில் படமெடுக்கிற ஒருவனைப் பார்த்துத் திருடன் என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பெண்மணி யார், எப்படி எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

படத்தைக் காட்டினாயா, என்ன சொன்னார்கள் என்று அத்தை இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார். நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.