ரூட் கேட்கும் மச்சானுக்கு

"காசு கொடுத்து வாங்குனது நானு. ரூட் தரமாட்டேன்னு சொல்ல கிராஃபீன்ஓஎஸ்காரன் யாரு?"

கீழக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கும் மச்சான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் கேட்கிற கேள்வி. கிராஃபீன்ஓஎஸ் என்பது ஆண்ட்ராய்டை வைத்துக் கட்டிய, பாதுகாப்பை முதலில் பார்க்கிற போன் இயங்குதளம். ரூட் என்றால் போனின் எந்த மூலையிலும் கைவைக்கிற முழு அதிகாரம். நியாயமான கேள்விதான். ஆனாலும் இதில் நான் கிராஃபீன் பக்கம்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தன் எல்லைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால்தான் ஏதோ ஒரு டார்ச் செயலியால் வங்கிச் செயலியின் தரவைத் தொட முடியவில்லை. ரூட்டுக்கு வழி வைத்துவிட்டால், ஏமாந்து ஒருமுறை 'அனுமதி' அழுத்தினாலே அந்த எல்லை மொத்தமும் காலி.

சரி, ரூட் எதுக்கு மச்சான்னு கேட்டேன். செயலிகளை இன்டர்நெட் பக்கம் விடக்கூடாது, காண்டாக்ட்ஸை அள்ளவிடக்கூடாது என்றார். ரெண்டும் ரூட் இல்லாமலே கிராஃபீனில் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் நெட்வொர்க் அனுமதியைத் தனித்தனியாகப் பிடுங்கலாம். காண்டாக்ட்ஸ் கேட்கும் செயலிக்கு, அனுமதி கிடைத்ததாகக் காட்டிவிட்டு வெறும் பட்டியலை நீட்டலாம்.

இதன் அருமை நம்ம கரைக்குத்தான் நல்லாப் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரம் பாம்பனிலும் மண்டபத்திலும் கைமாத்துக்கு அலைகிறவர் கண்ணில் படுவது உடனடிக் கடன் செயலி. தவணை தப்பினால் மாமியார், மீன் யாவாரி, சங்கத் தலைவர் என்று போனில் பேர் இருக்கிற அத்தனை பேருக்கும் மிரட்டல் போகும். கடன் செயலிகள் காண்டாக்ட்ஸைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அதை மதிக்கிறவனா இந்தத் தொழிலுக்கு வருகிறான்?

ஆனால் அந்த மனுஷர் கையில் கிராஃபீன் போடக்கூடிய கூகுளின் பிக்சல் போனும் இல்லை, கிராஃபீனும் இல்லை. மலிவு போன்களுக்கு லினேஜ்ஓஎஸ் என்ற இன்னொரு ஆண்ட்ராய்டு இயங்குதளம் இருக்கிறது; ஆனால் பெரும்பாலானவற்றில், போன் கிளம்பும்போது மென்பொருள் அசல்தானா என்று பார்க்கும் பூட்லோடரைத் திறந்தே வைக்க வேண்டும், பாதுகாப்பு அங்கே குறைகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். சில வங்கிச் செயலிகள், போன் நம்பகமானதா என்று கூகுள் வைக்கும் தேர்வான பிளே இன்டெக்ரிட்டி சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கின்றன. வருஷக்கணக்காக அப்டேட்டே வராத பழைய போன், கூகுள் சான்றோடு வந்தது என்பதற்காக 'டிவைஸ்' நிலைத் தேர்வில் தேறிவிடும். பூட்லோடர் பூட்டி, புது பேட்ச் போட்ட கிராஃபீன் தேறாது. இதுக்குப் பேர் பாதுகாப்பாம்!

ஆண்ட்ராய்டிலேயே ஹார்ட்வேர் அட்டெஸ்டேஷன் இருக்கிறது; போனில் ஓடுவது எந்த மென்பொருள் என்று போனின் சிப்பே சான்று தரும் வசதி அது. கிராஃபீனின் சாவிகளையும் ஏற்றுக்கொண்டால் வங்கியே நேரடியாகச் சரிபார்க்கலாம். செய்ய மனசில்லை.

கிராஃபீன் ரூட் மறுப்பதும் வங்கி கிராஃபீனை மறுப்பதும் ஒன்றா? கிராஃபீனை நானே தேர்ந்தெடுத்தேன். பிடிக்காவிட்டால் பழையதுக்குத் திரும்பலாம். மூலநிரல் திறந்து கிடக்கிறது, மச்சான் நினைத்தால் ரூட் வைத்துத் தானே ஒன்று கட்டிக்கொள்ளலாம். என் வங்கியிடம் அப்படி ஒரு வழியும் கிடையாது. எழுதிக் கேட்டேன். 'போன் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறவும்' என்று ஒற்றை வரி பதில்.

மறுபடி எழுதியிருக்கிறேன். மச்சான், கிராஃபீன்காரனைத் திட்டுற நேரத்துல உங்க வங்கிக்கும் ஒரு மெயில் தட்டுங்க. துபாயில் இருக்கிற நம்ம சபராளிகளையும் எழுதச் சொல்லுங்க. என்ஆர்ஐ கணக்குக்காரன் சொன்னாலாவது காதுல விழும்.