வாங்கு என்று எழுதியிருந்தது, வாங்கினேன்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மூன்று பாகமாக வந்த ஒரு படத்தை வரிசையாகப் பார்த்துவிடுவது என்று நானும் அக்கா மகனும் உட்கார்ந்தோம். முதல் பாகம் நான் சந்தா கட்டும் ஓடிடியிலேயே இருந்தது. முடிந்ததும் இரண்டாவதைத் தேடினேன். ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி நகர்த்திப் பெயரை அடித்தால் போஸ்டர் வருகிறது. அழுத்தினால் "இதைப் போன்ற படங்கள்" என்று சம்பந்தமில்லாத பன்னிரண்டு படங்கள் வந்து நிற்கின்றன. கேட்ட படம் இல்லை. அது இன்னொரு ஓடிடியில் இருந்தது. சரி என்று அதற்கும் ஒரு மாதச் சந்தா கட்டிப் பார்த்து முடித்தோம். மூன்றாம் பாகம் எங்கேயுமே இல்லை. வாடகைக்கும் இல்லை, விலைக்கும் இல்லை. ஒரே ஒரு தளத்தில் பெயர் மட்டும் இருந்தது, "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்ற வரியோடு.

நான் இப்படி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பையன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "எதுக்கு மாமா இவ்ளோ கஷ்டப்படுறீங்க? இறக்கிட்டேன்."

நல்ல பிரிண்ட். சப்டைட்டில் தனிக் கோப்பாக, வசனத்தோடு அரை நொடிகூடப் பிசகாமல் ஓடியது. யாரோ ஒருத்தர் காசு வாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறார். பார்த்தோம். அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுதுவது நியாயமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சிதறல் எப்படி வந்தது என்பது பெரிய மர்மமில்லை. 2007இல் நெட்ஃபிளிக்ஸ் இணையத்தில் படம் ஓட்டத் தொடங்கியபோது பெரிய ஸ்டூடியோக்களுக்கு அது உபரி வருமானம். அலமாரியில் கிடந்த பழைய படங்களை வாடகைக்கு விட்டார்கள். பார்வையாளனுக்கு ஒரே கடையில் எல்லாம் கிடைத்தது போல இருந்தது. அந்தக் கடையில் கூட்டம் கூடியதும் ஒவ்வொருவருக்கும் தனிக்கடை போடும் ஆசை வந்தது. 2019 நவம்பரில் டிஸ்னியும் ஆப்பிளும், 2020இல் எச்பிஓ மேக்ஸும் பீகாக்கும், 2021இல் பாரமவுண்ட்டும் என்று வரிசையாகக் கடை திறந்தார்கள். திறக்கும்போதே வாடகைக்கு விட்ட சரக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இசையில் இப்படி நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1999இல் பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வைத்த நாப்ஸ்டர் வந்தது, 2001இல் நீதிமன்றம் அதன் கதவை மூட வைத்தது, திருட்டுப் பாட்டு மட்டும் நிற்கவில்லை. அப்புறம் மாதம் ஒரு தொகை கட்டினால் கிட்டத்தட்ட எல்லாப் பாட்டும் கேட்கலாம் என்று ஆனது. இன்றைக்கு எந்த இசைச் செயலியைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே பாட்டுகள்தான். போட்டி செயலிகளுக்கு நடுவில்தான், யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்பதில் இல்லை. எனக்குத் தெரிந்து, கேட்கத் தோன்றிய பாட்டை எம்பி3யாக இறக்கி வைக்கிற ஆள் யாருமே இப்போது இல்லை. யாரும் திருந்திவிடவில்லை, இறக்க வேண்டிய தேவைதான் போய்விட்டது. (பாடகர்களுக்குப் போகும் காசு சொற்பம் என்பது வேறு சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

சினிமாவில் படத்தை எடுப்பவனே கடையும் நடத்துகிறான். இதில் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் பெரிய ஸ்டூடியோக்கள் ஒருகாலத்தில் தியேட்டர்களையும் கையில் வைத்திருந்தன. ஸ்டூடியோவைச் சேராத தியேட்டர்காரர் ஒரு நட்சத்திரப் படம் கேட்டால், கூடவே நாலைந்து உப்புச்சப்பில்லாத படங்களையும் சேர்த்து எடுத்தால்தான் தருவார்கள். 'பிளாக் புக்கிங்' என்று பெயர். 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது போட்டியை நசுக்கும் வேலை என்று தீர்ப்புச் சொன்னது. ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காலாவதித் தேதி குறித்து இன்னொரு நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது 2020இல். ஓடிடிக் கடைகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்த அதே நேரம்!

என் சந்தாக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தியேட்டர்காரர்தான் கண்முன் வருகிறார். எனக்கு வேண்டியது ஒரு படம். அதற்காக நான் எடுப்பது ஒரு முழு மூட்டை. ஒரு வித்தியாசம், அவர் அந்த மூட்டையை வாங்கி டிக்கெட் விற்றுக் காசாக்கினார். நான் சும்மா வைத்துக்கொண்டு உருட்டிப் பார்க்கிறேன்.

ஆனாலும் செலவைச் சொல்லி அழ எனக்கு இஷ்டமில்லை. ஒரு மாதம் ஒன்றைக் கட்டி, அடுத்த மாதம் அதை நிறுத்தி இன்னொன்றைக் கட்டினால் சமாளிக்கலாம். பொறுமைதான் வேண்டும். என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது வேறு.

ஒரு தளத்தில் ஒரு பழைய படத்துக்கு நேராக "வாடகை", "வாங்கு" என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. எனக்குப் பிடித்த படம், வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்ப்பேன். வாடகையைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். இரண்டு வருஷம் என் பட்டியலில் இருந்தது. ஒருநாள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், படம் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உரிமையாளருடனான ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நான் வாங்கியது படத்தை இல்லை, பார்க்கும் அனுமதியை, விதிமுறைகளில் போட்டிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். போட்டிருந்தது. பொத்தானில் மட்டும் "அனுமதி" என்று போடவில்லை.

இது என் ஒருத்தனுடைய புலம்பல் இல்லை என்பதற்குச் சாட்சி, கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் கொண்டுவந்த சட்டம். தருவது வெறும் உரிமம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் போட்டு விற்கக் கூடாது என்கிறது. படத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. வார்த்தையைத்தான் திருத்துகிறது. அதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

அப்புறம் கணினியை டிவியோடு கேபிளில் இணைத்துப் படம் போட்டால் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். கேபிளுக்கும் டிவிக்கும் நடுவில் திருட்டுத்தடுப்புச் சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு என் பழைய டிவி பிடிக்கவில்லை. காசு கட்டிய நான் இருட்டைப் பார்த்துக்கொண்டு வசனம் கேட்கிறேன். இறக்கிப் பார்க்கிறவனுக்கு இந்தத் தொல்லை ஏதும் கிடையாது. பூட்டு போட்டது திருடனுக்காக, மாட்டிக்கொண்டது வீட்டுக்காரன்.

இதைவிட மோசம், படத்தை எடுத்தவர்களே அதை ஒழிப்பது. 2022 ஆகஸ்டில் 'பேட்கேர்ள்' (Batgirl) என்ற சூப்பர்ஹீரோ படத்தை, படப்பிடிப்பெல்லாம் முடிந்த பிறகு, வெளியிடவே போவதில்லை என்று வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி அறிவித்தது. 2023 மே மாதம் டிஸ்னி தன் ஓடிடியில் 'கிரேட்டர்' என்று ஒரு படம் விட்டது. ஏழே வாரத்தில் தூக்கிவிட்டது. அந்தச் சமயத்தில் டிஸ்னி வரிசையாக நிறையத் தலைப்புகளைத் தன் தளத்திலிருந்து எடுத்து, ஒன்றரை பில்லியன் டாலர் மதிப்பிழப்பு என்று கணக்கில் காட்டியது. தளத்துக்காகவே எடுத்த படங்களுக்கு பெரும்பாலும் டிவிடியும் வராது. தளத்திலிருந்து போனால் பல சமயம் போனதுதான். இப்படிச் செய்கிறவர்கள் கலையைக் காப்பாற்றுங்கள் என்று நமக்கு வகுப்பெடுக்கும்போது சிரிப்பு வருகிறது.

திருட்டுப் பிரதி படத்தைக் காப்பாற்றியதும் உண்டு. 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் 'நோஸ்ஃபெராட்டு', 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்தது. நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டிருந்ததால் படம் பிழைத்தது. படமே திருட்டு, அது பிழைத்ததும் திருட்டில்தான். பிபிசி 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. தொலைந்த பகுதிகளின் ஒலி மட்டும் இன்று முழுசாக இருக்கிறது என்றால், வீட்டில் டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்களால்தான்.

இந்தக் கதைகளை நானும் பல விவாதங்களில் எடுத்து விட்டிருக்கிறேன். இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் நாங்கள் இறக்கியதில் நூற்றுக்குத் தொண்ணூறு, காணாமல் போன மௌனப்படம் இல்லை. போன வாரம் வெளியாகி, காசு கொடுத்தால் எல்லா இடத்திலும் கிடைக்கிற படம். அதை இறக்கும்போது ஆவணக் காப்பாளர் வேடம் எதற்கு?

ஒலிக்கலவை செய்கிற நண்பன் ஒருத்தன் இருக்கிறான். சின்னப் பட்ஜெட்டில் ஒரு படத்தில் வேலை பார்த்தான். வெளியான மறுநாளே அது டோரண்ட்டில் வந்துவிட்டது. அவனே இறக்கிப் பார்த்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அவன் பெயர் வரும் இடத்தில் சரியாக ஒரு சூதாட்டத் தளத்தின் விளம்பரம் குறுக்கே போனது. "எட்டு மாசம்டா. அந்த ரெண்டு செகண்டுலயும் எவனோ ரம்மி விளையாடக் கூப்பிடுறான்" என்று சிரித்தான். திருட்டுத் தளங்களை ராபின்ஹுட் மாதிரிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த விளம்பரப் பட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது. சப்டைட்டில் போட்ட அந்தப் புண்ணியவான் வேறு, தளத்தை நடத்துகிறவன் வேறு. இவன் படத்துக்கு விலை வைக்கவில்லை, படம் பார்க்க வருகிறவனை விற்கிறான்.

பெரிய படம் இதையெல்லாம் தாங்கிவிடும். சின்னப் படத்துக்கு முதல் வாரத்து வசூல்தான் அடுத்த படத்துக்கான முதல். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓடிடியில் ஓடும் படைப்புக்குத் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்பது அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று. அதை வைத்து "காசு எப்படியும் கலைஞனுக்குப் போகாது, நான் ஏன் கட்டணும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. முதலாளி கூலியைக் குறைத்துத் தருகிறான் என்பதற்காக, நான் கூலியே இல்லாமல் வேலை வாங்கலாமா?

திருட்டு என்ற சொல்லே பொருந்துமா என்று சட்டம் படித்தவர்கள் சண்டை போடுவார்கள். பதிப்புரிமை மீறிய இசைத்தட்டுகளைத் "திருடிய பொருள்" கணக்கில் சேர்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லியிருக்கிறது. சரி, சொல் எதுவாக இருந்தாலும் என் மனசாட்சி அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை.

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. "இன்னும் வரவில்லை" என்பதையும் "இனி வராது" என்பதையும் நான் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இன்னும் வரவில்லை என்றால் காத்திருப்பது. நான்கு வாரம் ஒரு படம் பார்க்காமல் இருப்பது அநீதி இல்லை, வெறும் நான்கு வாரம். எங்காவது வாடகைக்குக் கிடைத்தால், எத்தனையாவது தளமாக இருந்தாலும் காசு கட்டுவது. எங்குமே விற்காத படம், அல்லது நான் ஏற்கெனவே காசு கொடுத்துப் பறிகொடுத்த படம் என்றால், இறக்கிக்கொள்வது. சட்டப்படி இதுவும் தப்பு என்று தெரியும். சாம்பல் நிறக் கட்டமாகப் போன அந்தப் படம் இப்போது என் வன்தட்டில் இருக்கிறது, தூக்கம் கெடவில்லை. அக்கா மகனுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. "ரெண்டுமே இறக்குறதுதானே மாமா?" என்கிறான். பட்டனைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி.

போன வாரம் அந்த மூன்றாம் பாகம் ஒரு தளத்தில் வந்துவிட்டது. உடனே வாடகை கட்டினேன். தொடங்கினால் 48 மணி நேரம், தொடங்காவிட்டால் 30 நாள் கெடு என்று போட்டிருந்தது. இன்னும் தொடங்கவில்லை, ஏற்கெனவே பார்த்த படம்தானே. பையன் சந்தேகமாகப் பார்த்தான். "அப்போ நான் இறக்கினதை அழிச்சிடலாமா?"

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.