'ஹார்மோன் பேலன்ஸ்' டப்பாவும் என் தைராய்டு ரிப்போர்ட்டும்

போன வருடம் எனக்கு பீரியட்ஸ் 50 நாள், 60 நாள் என்று தள்ளிப்போக ஆரம்பித்தது. உடனே டாக்டரிடம் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஆன்லைனில் டப்பாதான் ஆர்டர் போட்டேன். முன்பக்கம் 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் துத்தநாகம், மக்னீசியம், டி விட்டமின், வாயில் நுழையாத இரண்டு மூலிகை, கூடவே முடிக்கும் நல்லதாம் என்று 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் (அதுவும் ஒரு பி விட்டமின்தான்). அதையெல்லாம் யார் படித்தார்கள்?

இரண்டு மாதம் விழுங்கியும் ஒன்றும் நடக்கவில்லை. ரத்தப் பரிசோதனை எடுத்தால் தைராய்டைத் தூண்டிவிடும் டிஎஸ்எச் அடிமட்டத்தில், தைராய்டு சுரக்கும் டி4 உச்சத்தில். தைராய்டு கன்னாபின்னாவென்று சுரக்கிறது போல என்று எனக்குக் கை கால் உதறல். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"முடிக்கு இல்ல டாக்டர், பீரியட்ஸுக்கு" என்று போனில் இருந்த டப்பா போட்டோவை நீட்டினேன். சிரித்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒரு நாளைக்கு நமக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். பல லேப்களில் ஹார்மோன் அளக்கும் முறையிலேயே பயோட்டினை ஒரு பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலும் அது நிரம்பிக் கிடந்தால் கணக்கு தப்பிவிடும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம். தைராய்டு அளவெல்லாம் சரியாகவே இருந்தது. கொஞ்சம் அசந்திருந்தால் இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிட்டிருப்பேன்.

எனக்கு இருந்தது பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் கருமுட்டை ஒழுங்காக வெளியாகாத பிரச்சினை. உங்களுக்கு வேறாக இருக்கலாம்: நிஜமான தைராய்டு கோளாறு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியது, திடீரென்று எடை இறங்கியது, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி, ஏன், கர்ப்பமாகவே இருக்கலாம். இத்தனைக்கும் ஒரே கேப்ஸ்யூல் எப்படி மருந்தாகும்?

"எனக்குச் சரியாச்சே" என்பவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. பரீட்சை, வேலை மாற்றம், வீட்டில் ஒரு சாவு என்று மனம் அலைக்கழிந்த காலத்தில் தள்ளிப்போனது, அலைச்சல் அடங்கியதும் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். 'மூன்று மாதம் சாப்பிடுங்கள்' என்று டப்பாவில் போடுவது சும்மா இல்லை. அதற்குள் திரும்பிவிட்டால் பெயர் டப்பாவுக்கு!

சத்து மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிகமாக ரத்தம் போய் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு) இறங்கிக் கிடப்பவருக்கு இரும்புச்சத்து கட்டாயம் வேண்டும். அது உடம்பைத் தேற்றும், தேதியைத் திருத்தாது. பிசிஓஎஸ் வட்டாரத்தில் எல்லோரும் பேசும் இனோசிட்டால் என்ற சத்து மாத்திரை பற்றி 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே அடக்கித்தான் வாசிக்கிறது: விரும்பினால் எடுக்கலாம், பெரிய கெடுதல் இல்லை, ஆனால் கருமுட்டை வெளியாவதில் பலன் குறைவு. என் டாக்டரும் அதையே சொல்லித்தான் கொடுத்தார்.

எனக்குக் கோபமே அந்த இரண்டு மாதக் காத்திருப்பின் மேல்தான். பிசிஓஎஸ்ஸில் மாதக்கணக்காகப் பீரியட்ஸ் வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் புற்றுநோய் வரைக்கும் போக வாய்ப்புண்டு. 90 நாள் தாண்டியும் வரவில்லையென்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது அதனால்தான். இதை எந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை.

டப்பாவில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போகிறேன், டாக்டருக்கு அந்தப் பின்பக்கத்தை முழுசாகப் படிக்க வேண்டுமாம்.